ஸ்ட்ரீட் லெவல் ஹீரோவுக்கு எவ்வளவு சக்தி கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். நீங்கள் ஒரு காமிக்ஸ் எழுதுகிறீர்கள். மூடிப்போன ஆலை ஒன்றின் பழைய தொழிலாளர் குடியிருப்புதான் களம். அங்கிருப்பவர்களைக் காலி செய்ய வைக்கப் பார்க்கும் கட்டுமான முதலாளி வில்லன். உங்கள் ஹீரோ காரைத் தூக்குவான், துப்பாக்கிக் குண்டு அவன் தோலைத் துளைக்காது, மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் யார் பேசினாலும் அவன் காதில் விழும். படித்துப் பார்த்த நண்பர், "ஸ்ட்ரீட் லெவல்னு சொல்லிட்டு காரைத் தூக்க வெச்சா எப்படி? டேர்டெவில் மாதிரி பலத்தைக் குறை" என்றிருக்கிறார். (ஸ்ட்ரீட் லெவல் என்றால் உலகத்தைக் காப்பாற்றப் போகாமல் ஒரு தெரு, ஒரு பேட்டையோடு நிற்கும் ஹீரோ. டேர்டெவில் பார்வையில்லாத, ஆனால் காது அபாரமாகக் கேட்கும் மார்வெல் ஹீரோ.) அதனால் எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்று கேட்கிறீர்கள். கிலோக் கணக்கு மேலோட்டமான கேள்விதான். எந்த இடத்தில் ஒரு ஹீரோ தன் தெருவை விட்டு நழுவிப் போகிறான், அதை எழுதும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன்.

நான் பல வருடங்களாக காமிக்ஸ் ஸ்கிரிப்ட்களை எடிட் செய்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்களின் முதல் வரைவுகள்தான் அதிகம் வரும், அவற்றில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் குழப்பத்தைத்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார் இருக்கட்டும், காதைக் குறையுங்கள். தோல் விஷயம் கொஞ்சம் சிக்கல், அதற்கு அப்புறம் வருகிறேன்.

டன் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் ஒன்றுமில்லை. மார்வெல் 1983-ல் தன் கதாபாத்திரங்களுக்கெல்லாம் ஒரு கையேடு வெளியிடத் தொடங்கியது. யார் எவ்வளவு எடை தூக்குவார் என்று அதில் வகைப்படுத்தியிருந்தார்கள். ஸ்பைடர்மேன் சுமார் 10 டன். தோர் 100 டன்னுக்கு மேற்பட்ட வகை. டேர்டெவிலுக்கு நன்றாகப் பயிற்சி எடுத்த மனிதனின் பலம் மட்டும்தான். ரசிகர்களின் 'யார் யாரை ஜெயிப்பார்' சண்டைகளுக்கு இன்றுவரை இந்த எண்கள்தான் தீனி. உங்கள் ஹீரோ தூக்கும் கார் ஒன்றரை டன் இருக்குமா? ஸ்பைடர்மேனின் 10 டன்னோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் டேர்டெவிலையும் ஸ்பைடர்மேனையும் லூக் கேஜையும் வாசகர்கள் ஒரே வரிசையில்தான் வைக்கிறார்கள். ஒருவருக்கு அதிக பலம் இல்லை, ஒருவர் 10 டன் தூக்குகிறார், இன்னொருவருக்குத் தோலே இரும்பு மாதிரி. ஆக இந்த வரிசையைத் தீர்மானிப்பது புஜபலம் இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேன் பறக்கவில்லை. கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாவுவார், இருபது மாடிக் கட்டிடத்தைத் தாண்டுவார், வெடிக்கும் பீரங்கிக் குண்டைவிடச் சிறிய எதுவும் அவர் தோலைத் துளைக்காது. இவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு அந்த இதழில் அவர் என்ன செய்கிறார்? தூக்குமேடைக்குச் சமமான மின்சார நாற்காலியிலிருந்து ஒரு நிரபராதியைக் காப்பாற்ற நள்ளிரவில் கவர்னர் வீட்டுக் கதவை உடைக்கிறார். மனைவியை அடிக்கும் ஒருவனைச் சுவரில் மோதுகிறார். ஒரு செனட்டருக்குப் பின்னால் நிற்கும் தரகனைப் பிடித்து உலுக்குகிறார். எல்லாமே அன்றைய நாளிதழின் உள்பக்கச் செய்திகள். எட்டாவது இதழில், 1939 ஜனவரியில், சேரிப் பையன்கள் திருட்டுக்குப் போவதற்குக் காரணம் அவர்கள் வசிக்கும் இடம்தான் என்று முடிவு செய்து அந்தச் சேரியையே இடித்துத் தள்ளுகிறார். ராணுவம் குண்டு போட வருகிறது, அதுவும் சேர்ந்து இடிக்கிறது, பிறகு அரசாங்கம் புது வீடுகள் கட்டிக்கொடுக்கிறது. உங்கள் கதைக் களத்துக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு கதை 1939-லேயே இருக்கிறது. இன்று சூப்பர்மேனை யாரும் ஸ்ட்ரீட் லெவல் என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அவர் தெருவில்தான் நின்றார்.

இதற்கு நேர் எதிரான சோதனை 1970-ல் நடந்தது. டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் 'கிரீன் லேன்டர்ன்' 76-ஆம் இதழில் விண்வெளிக் காவலரான அவரை ஒரு ஏழைக் குடியிருப்புத் தெருவில் இறக்கினார்கள். கோட் சூட் போட்ட ஒருவரை ஒரு பையன் அடிக்கப் போவதைப் பார்த்து இவர் மோதிரத்தால் தடுக்கிறார். கைதட்டலை எதிர்பார்த்தால் சுற்றி நிற்பவர்கள் இவர் மீது டப்பாக்களை எறிகிறார்கள். காப்பாற்றப்பட்டவர் அந்தக் கட்டிடத்தின் சொந்தக்காரர். குடியிருப்பவர்களைத் துரத்திவிடப் பார்ப்பவர். பிறகு ஒரு கறுப்பினப் பெரியவர் வந்து, நீல நிறத்தவருக்கும் ஆரஞ்சு நிறத்தவருக்கும் எங்கோ உதவினாயாமே, கறுப்பு நிறத்தவருக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறார். தலை குனிவதைத் தவிர கிரீன் லேன்டர்னுக்கு வழியில்லை. நினைத்ததையெல்லாம் உருவாக்கும் மோதிரம் அந்தப் பக்கத்தில் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. உங்களுக்கு நேரமிருந்தால் இந்த ஒரு இதழையாவது படித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் அச்சில் இருப்பது, யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு என்னுடையது, மறுக்க இடமுண்டு. ஹீரோவைத் தெருவிலிருந்து பிரிப்பவை மூன்று: எவ்வளவு தூரம் எவ்வளவு சீக்கிரம் போகிறான், எவ்வளவு தெரிந்துகொள்கிறான், அடிபட்டால் எவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடுகிறான். இந்த மூன்றையும் கட்டி வைத்தால் பலத்தை நீங்கள் தாராளமாகவே கொடுக்கலாம்.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேனின் வலை ஒரு பெரிய சக்தி மாதிரித் தெரியும், உயரமான கட்டிடம் இருக்கும்வரை. 1985-ல் பீட்டர் டேவிட் எழுதிய ஒரு கதையில் (அமேசிங் ஸ்பைடர்மேன் 267) அவர் ஒரு சாதாரணத் திருடனைத் துரத்திக்கொண்டு நியூயார்க்குக்கு வெளியே ஸ்கார்ஸ்டேல் என்ற புறநகருக்குப் போய்விடுகிறார். அங்கே தனித்தனி வீடுகள், புல்வெளி, மரங்கள். வலையை மாட்டித் தொங்க எதுவுமே இல்லை. முகமூடியோடு தெருவில் நடக்கிறார், அக்கம்பக்கத்தார் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். 10 டன் தூக்கும் ஆள் ஒரு திருட்டுப்பயலைப் பிடிக்கத் திணறுகிறார். நகைச்சுவைக் கதைதான், ஆனாலும் அந்தக் கதாபாத்திரத்தின் சக்தி மன்ஹாட்டன் என்ற இடத்தோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. பறக்கத் தெரிந்தவனுக்கு இந்தக் கதையை எழுதவே முடியாது. பறப்பவனுக்குத் தெரு என்பது மேலிருந்து பார்க்கும் ஒரு கோடு. பக்கத்து ஊரில் தீப்பிடித்தால் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கும் ஒவ்வொரு இதழிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

டேர்டெவிலின் ஹெல்ஸ் கிச்சனும் அப்படித்தான். மன்ஹாட்டனில் 34-ஆவது தெருவிலிருந்து 59-ஆவது தெரு வரை, எட்டாவது அவென்யூவுக்கு மேற்கே ஹட்சன் ஆறு வரை என்று சொல்வார்கள். அங்கே தெற்கு வடக்காகச் சுமார் 20 தெருக்கள் ஒரு மைல். ஆக மேலிருந்து கீழ்வரை மொத்தமே இரண்டு கிலோமீட்டர்தான். உங்கள் ஹீரோவின் காது மூன்று கிலோமீட்டர் சுற்றளவு. அவனை ஹெல்ஸ் கிச்சனின் நடுவில் உட்கார வைத்தால் அந்தப் பேட்டையில் அவனுக்குத் தெரியாமல் ஒரு கொட்டாவி கூட விட முடியாது. காதைக் குறையுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். தெருக் கதை ஓடுவதே சந்தேகத்தில்தான். யார் காட்டிக்கொடுத்தது, யார் பணம் வாங்கினது, அந்த வீட்டுப் பையன் ஏன் மூன்று நாளாகக் காணோம். எல்லாம் கேட்கும் ஹீரோவுக்கு இதில் எதுவும் மர்மமே இல்லை. டேர்டெவிலுக்கு இந்த ஆபத்து உண்டு. எதிரில் இருப்பவரின் இதயத் துடிப்பைக் கேட்டே பொய்யா மெய்யா என்று அவருக்குத் தெரியும். இதை டேர்டெவில் கதைகளை எழுதிய ஃப்ராங்க் மில்லர் 1982-ல் எப்படிக் கையாண்டார் பாருங்கள். ஹாக்மேன் என்ற போதைப்பொருள் ஆசாமி, கொலைக் குற்றச்சாட்டு. "நான் செய்யவில்லை" என்று அவன் சொல்லும்போது துடிப்பு ஒரே சீராக இருக்கிறது. முகமூடி இல்லாதபோது வக்கீலாக இருக்கும் டேர்டெவில், அதாவது மேட் மர்டாக், அதை நம்பி வாதாடி அவனை வெளியே கொண்டுவருகிறார். பிறகுதான் தெரிகிறது, அவன் நெஞ்சில் பேஸ்மேக்கர். துடிப்பு மாறவே மாறாது. கொலை செய்தது அவன்தான். மில்லர் சக்தியைக் குறைக்கவில்லை, அதன் மீதிருந்த நம்பிக்கையை உடைத்தார். அதற்கும் மேலே, மேட் வக்கீல் என்பதே பெரிய கட்டுப்பாடு. "இவர் பொய் சொல்கிறார், எனக்குக் கேட்டது" என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. தெரிந்தாலும் நிரூபிக்க முடியாத நிலை. மனதைப் படிக்கும் சக்தியை மட்டும் தெரு ஹீரோவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைச் சமாளித்து எழுதிய வரைவை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தச் சக்தியை வில்லனிடம் கொடுத்தால் கதை வேறு. ஜெசிகா ஜோன்ஸ் 2001-ல் 'ஏலியஸ்' தொடரில் அறிமுகமானவர். பிரையன் மைக்கேல் பென்டிஸ் எழுத்து, மைக்கேல் கேடோஸ் ஓவியம். காரைத் தூக்கும் பலம் இவருக்கும் உண்டு, தட்டுத்தடுமாறிப் பறக்கவும் செய்வார். உங்கள் நண்பரின் கணக்குப்படி இவர் தெருவிலேயே இருக்கக் கூடாது. ஆனால் அவர் ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டு, ஓடிப்போன கணவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். காரணம் பர்ப்பிள் மேன். சொன்னதைச் செய்ய வைக்கும் அந்த ஆள் ஜெசிகாவை எட்டு மாதம் தன் பிடியில் வைத்திருந்தான். கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் கையே தன் பேச்சைக் கேட்காதபோது என்ன செய்வது? கடைசி மோதலில், மனதைப் படிக்கும் எக்ஸ்-மென் நாயகி ஜீன் க்ரே முன்பே அவர் மனதில் போட்டு வைத்திருந்த ஒரு தடுப்பு காப்பாற்றுகிறது. எனக்கு அந்தத் தொடரில் பிடிக்காத ஒரே இடம் அது. தெருக் கதையின் தீர்வு மேலிருந்து வந்து விழுந்துவிட்டது.

மூன்றாவது விஷயம், காயம். வுல்வரினைப் பாருங்கள். கையால் சண்டை போடுகிறவர், பாரில் குடிக்கிறவர், தோற்றத்தில் முழுத் தெரு ஆசாமி. 1974-ல் வந்தபோது ஒன்றும் பெரிதாக இல்லாத அவருடைய குணமாகும் சக்தி ஏறிக்கொண்டே போய், 2006-ல் ஒரு கதையில் வெடிப்பில் எலும்புக்கூடாகி மறுபடி சதை வளர்ந்து எழுந்து வந்தார். அதற்குப் பிறகு ஒரு ரவுடி அவர் மீது கத்தியை ஓங்கினால் வாசகன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். இதன் பக்கத்தில் 1987-ல் மில்லரும் டேவிட் மட்ஸுகெல்லியும் செய்த 'பேட்மேன்: இயர் ஒன்' கதையை வையுங்கள். ப்ரூஸ் வேன் முதன்முதலாக வெளியே போகும் இரவில் ஒரு சிறுமி அவர் தொடையில் கத்தியை இறக்குகிறாள், போலீஸ் சுடுகிறது, ரத்தம் ஒழுக வீடு வந்து சேருகிறார். பிறகு உடையெல்லாம் தைத்துக்கொண்டு கிளம்பினால், டிவி திருடிக்கொண்டு தீயணைப்புப் படிக்கட்டில் இறங்கும் மூன்று பையன்கள். பயத்தில் ஒருவன் கம்பியைத் தாண்டி விழப் போகிறான். பேட்மேன் ஒரு கையால் அவனைப் பிடித்துத் தொங்க வைத்திருக்க, மற்றவர்கள் அவரைப் போட்டு அடிக்கிறார்கள். கையை விட்டால் பையன் செத்துவிடுவான், விடாவிட்டால் அடி. இவ்வளவு பயிற்சி எடுத்தவருக்கு மூன்று சில்லறைத் திருடர்களோடு அந்தப் படிக்கட்டில் உயிர் போய் உயிர் வருகிறது.

சரி, தோல். உங்கள் ஹீரோவின் குண்டு துளைக்காத உடம்பை எடுக்கத்தான் வேண்டுமா? லூக் கேஜ் இருக்கும்போது கட்டாயம் எடு என்று நான் சொல்ல முடியாது. 1972-ல் வந்தவர். சிறையில் நடந்த ஒரு பரிசோதனையில் தோல் எஃகு மாதிரி ஆகிவிட்டது. டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு சினிமா தியேட்டருக்கு மேலே அலுவலகம் போட்டு, காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார். 1973-ல் டாக்டர் டூம் இவரை ஒரு வேலைக்கு அமர்த்திவிட்டுக் கூலி 200 டாலரைக் கொடுக்காமல் லாட்வீரியாவுக்குப் போய்விடுகிறார். கேஜ் என்ன செய்கிறார்? ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவிடம் ஒரு விமானத்தை இரவல் வாங்கி, ஐரோப்பாவுக்குப் பறந்து, ஒரு நாட்டின் அரசனிடம் போய் என் 200 டாலரை எடு என்று நிற்கிறார். கேலியாகச் சொல்லிச் சிரிக்கும் கதைதான், எனக்கு அதில் ஒரு பாடமே இருக்கிறது. குண்டு துளைக்காத ஆளுக்கும் வாடகை பாக்கி துளைக்கும். தோல் கெட்டியானால் வேறு ஏதாவது ஒன்று மெல்லிசாக இருக்க வேண்டும், அதை நீங்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் களம் நெருக்கமான வீடுகள் உள்ள குடியிருப்பு. அவன் மார்பில் பட்ட குண்டு எங்காவது தெறிக்கத்தானே செய்யும்? பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்பவருக்குத் தோல் சாதாரணத் தோல். இதை ஒரு முறை உண்மையாகவே நடக்க விட்டால் உங்கள் ஹீரோ அடுத்து துப்பாக்கியைப் பார்க்கும்போது மார்பைக் காட்டமாட்டான், ஒளிவான். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பலத்தையே கதைக்குள் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் ஸ்பைடர்மேனில்தான் நல்ல பக்கங்கள் கிடைக்கும். 33-ஆவது இதழ், 1966, ஸ்டீவ் டிட்கோவின் ஓவியம். டன் கணக்கான இயந்திரத்துக்கு அடியில் பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன், மாட்டிக்கொள்கிறான். மே அத்தையைக் காப்பாற்றும் மருந்து கைக்கெட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. மேலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கி ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு முறை முயன்று சோர்ந்து விழுகிறான். டிட்கோ கட்டங்களை மெல்ல மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போய், அவன் நிமிர்ந்து தூக்கும் கணத்துக்கு ஒரு முழுப் பக்கத்தைக் கொடுக்கிறார். எத்தனை டன் என்று படிக்கும்போது யாரும் கேட்பதில்லை. இரண்டாவது உதாரணம் கசப்பானது. 1973-ல் 121-ஆவது இதழில் பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை வலையால் பிடித்துவிடுகிறான். கழுத்தருகே சின்ன எழுத்தில் ஒரு முறிவுச் சத்தம். திடீரென்று நிறுத்தியதில் கழுத்து முறிந்தது என்று பிறகு வாசகர் கடிதப் பகுதியில் எடிட்டோரியல் தரப்பே விளக்கம் கொடுத்தது. சக்தி போதாமல் நடந்த மரணம் இல்லை, அந்தச் சக்தியால் நடந்தது.

எதிராளி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிங்பின் 1967-ல் ஸ்பைடர்மேனின் எதிரியாக வந்தார், பிறகு மில்லர் அவரை டேர்டெவிலிடம் கொண்டுபோனார். எந்த அமானுஷ்ய சக்தியும் கிடையாது, பெரிய உடம்பும் பெரிய பணமும்தான். 1986-ல் வந்த 'பார்ன் அகெய்ன்' கதையில் டேர்டெவிலின் நிஜப் பெயர் கிங்பின் கைக்கு வருகிறது. விற்றது மேட்டின் பழைய காதலி கேரன் பேஜ், ஒரு வேளை போதைக்காக. கிங்பின் அடியாளை அனுப்பவில்லை. வங்கிக் கணக்கு முடங்குகிறது. வரித்துறை வருகிறது. ஒரு போலீஸ்காரர் பொய்ச் சாட்சி சொல்கிறார், அவருக்கு வீட்டில் நோயாளி மகன். வக்கீல் சன்னது போகிறது. காதில் ஊசி விழும் சத்தம் கேட்கும் ஆளால் இதில் ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லாம் காகிதத்தில் நடக்கிறது. கடைசியில் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்தபோதுதான் இதெல்லாம் தற்செயல் இல்லை, ஒரே ஆளின் வேலை என்று மேட்டுக்குப் புரிகிறது. உங்கள் வில்லன் கட்டுமான முதலாளி என்பதால் இந்தக் கதையை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதலாம்.

பெரிய சக்தி படைத்தவர்கள் தெருவுக்கு வந்தால்? வரலாம், ஆனால் பலத்தால் தெரு ஜெயிக்கக் கூடாது. 1965-ல் டேர்டெவில் ஏழாம் இதழில் கடலரசன் நேமார் மனித குலத்தின் மீதே வழக்குப் போட வக்கீல் தேடி வருகிறார். டேர்டெவில் அவரோடு மோதி ஒவ்வொரு முறையும் கீழே விழுகிறார், ஒவ்வொரு முறையும் எழுகிறார், கடைசியில் தோற்றே போகிறார். நேமார் மரியாதையோடு விலகிப் போகிறார். 1982-ல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய கதையில் யாராலும் தடுக்க முடியாத ராட்சதன் ஜக்கர்நாட்டை ஸ்பைடர்மேனால் அடித்து நிறுத்த முடியவில்லை, ஈரக் கான்கிரீட்டுக்குள் இறக்கிவிடுகிறார். 'பார்ன் அகெய்ன்' முடிவில் எரியும் பேட்டைக்கு அவெஞ்சர்ஸ் வருகிறார்கள். தோர் மழையை வரவழைத்துத் தீயை அணைப்பதை நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். கேப்டன் அமெரிக்காவை விட்டால் மற்றவர்கள் பங்கு அவ்வளவுதான். இதற்கெல்லாம் மாறாக, ஸ்கார்ஸ்டேலில் திருடனைத் துரத்தித் திணறிய அதே 1985-ல், மூன்றே இதழ் தள்ளி, கோள்களையே விழுங்கும் கேலக்டஸின் முன்னாள் தூதனான ஃபயர்லார்டை ஸ்பைடர்மேன் வெறும் கையால் குத்திச் சாய்த்துவிட்டார். ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

என் அளவுகோல் ஆட்டம் காணும் இடம் பேட்மேன். 'இயர் ஒன்' பேட்மேன் தெருவில் நிற்கிறார். 2000-ல் மார்க் வெய்ட் எழுதிய 'டவர் ஆஃப் பேபல்' கதையில் அதே ஆள் சூப்பர்மேன் உட்பட எல்லாக் கூட்டாளிகளையும் வீழ்த்தத் திட்டம் தயாரித்து வைத்திருக்கிறார். சக்தி ஒன்றுமில்லை, ஆனால் பணமும் முன்யோசனையும் சேர்ந்து எந்தச் சக்தியையும்விடப் பெரிதாகிவிட்டன. அவர் ஸ்ட்ரீட் லெவலா என்றால், எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். மாத இதழாக வருடக்கணக்கில் ஓடும் எந்தக் கதாபாத்திரத்துக்கும் இது நடக்கும். ஒவ்வொரு எழுத்தாளரும் போன ஆளைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஆசைப்படுவார். நான் சொன்ன மூன்று கட்டுப்பாடும் ஒரே ஆள் எழுதி முடிக்கும் கதைக்குத்தான் உறுதியாகப் பொருந்தும். ஜப்பானிய மாங்காவுக்கும் இதை அப்படியே நீட்டமாட்டேன். அங்கே சக்தி ஏறுவதே கதையாக இருக்கும் தொடர்கள் நிறைய.

நம் ஊர் வாசகர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மூலத்தில் பிரிட்டிஷ் வேலியன்ட் வார இதழின் லூயிஸ் க்ராண்டல், இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்தான். உருவம் மறைவது எவ்வளவு பெரிய சக்தி! ஆனால் மின்சாரம் பாய வேண்டும், சிறிது நேரம்தான் நீடிக்கும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை அந்தரத்தில் தெரியும் கட்டங்களுக்காகத்தான் நாம் காசு கொடுத்து வாங்கினோம்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட். கார் தூக்குவதை நண்பர் பேச்சைக் கேட்டு எடுக்காதீர்கள். உங்கள் வில்லனிடம் அது செல்லாது, செல்லாமல் போவதைக் காட்டவே உங்களுக்கு அது வேண்டும். காதை ஒரு சுவர் தூரத்துக்கு இறக்குங்கள். அடுத்த வீட்டில் பேசுவது கேட்கும், அதற்கு அடுத்த வீடு கேட்காது. அப்போதுதான் அவன் குடியிருப்புக்குள் நடக்க வேண்டி வரும், கதவருகே நிற்க வேண்டி வரும், யாராவது அவனைப் பார்த்துவிடுவார்கள். தோலுக்குச் சிறு கத்தியும் சிறு துப்பாக்கியும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று ஒரு வரம்பு வையுங்கள், அந்த வரம்பு எது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கட்டும். குணமாக நாள் பிடிக்கட்டும். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் வரைவில் இருபதாம் பக்கத்தில் வருவதாக எழுதியிருந்தீர்கள். முதல் அத்தியாயத்துக்கே கொண்டுவாருங்கள், கார் தூக்கும் காட்சிக்கு முன்னால். அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் யார் கதவைத் தட்டுவான் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். எழுதியதும் இங்கேயே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.